எமன் வெட்டியதாக நான் எழுதிய குழி

ஆங்கிலத்தில் 'ஃப்ளோரிட்' என்று ஒரு சொல் உண்டு. எழுத்து நடையைப் பற்றிச் சொல்கிற பெயரடை. தேவைக்கு மேல் அலங்காரம் ஏற்றி, அடுக்குமொழியும் ஜோடனையுமாகப் பொங்கி வழிகிற நடைக்கு அந்தப் பெயர். பாளையங்கோட்டையில் இருபத்தாறு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவருகிறேன். அந்தச் சொல்லை எத்தனையோ முறை போர்டில் எழுதிப் பொருள் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு உறைத்தது என் அக்கா செத்த பிறகுதான். அவள் எப்படிச் செத்தாள் என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறாமல் போனதற்கு வேறு யாரும் காரணமில்லை, நான்தான் காரணம். என் எழுத்து.

அந்தச் சொல் எனக்கு அறிமுகமானது கல்லூரியில். இரண்டாம் வருடம், மழைக்காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் விடுவேனா? வானத்தை அழவிட்டேன், பூமியைப் பெருமூச்சு விடவைத்தேன், தவளைகளைக் கச்சேரி பண்ணவைத்தேன். தாள் திரும்பி வந்தபோது கடைசியில் சிவப்பு மையில் பேராசிரியர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். ஃப்ளோரிட். வேறு ஒன்றும் இல்லை. கைக்கு அடக்கமாக ஓர் அகராதி வைத்திருந்தேன். அதில் 'பூக்கள் நிறைந்த' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்ததை நான் படிக்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் பூ என்று சொல்லிவிட்டு யாராவது குறை சொல்வார்களா? அன்று சாயங்காலம் அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். "என் எழுத்து பூ மாதிரி இருக்காம்" என்றேன். அவள் எட்டாவதோடு நின்றவள். தாளை வாங்கிச் சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பின்ன இருக்காதா ஏட்டி" என்றாள்.

அது பாராட்டு இல்லை, குட்டு என்பது ஆசிரியப் பயிற்சி படிக்கும்போதுதான் தெரிந்தது. ஒருவருடைய நடையை ஃப்ளோரிட் என்று ஆங்கிலேயன் சொன்னால், சொல்ல வந்த விஷயத்தை ஜோடனையில் மூழ்கடித்துவிட்டாய் என்று அர்த்தம். தெரிந்த பிறகு திருந்தினேனா என்றால், இல்லை. வெள்ளைக்காரனுக்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தால்தான் பிடிக்கும், அவன் சாப்பாடு மாதிரி, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழில் எழுதும்போது இன்னும் இரண்டு மடங்கு ஏற்றினேன்.

அதற்குக் கிராக்கியும் இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பது வழக்கம். ஓய்வு பெறுகிற ஆசிரியைக்குப் பிரிவுபசார மடல். யாராவது போய்விட்டால் பதினாறாம் நாள் அட்டை, தெருமுனையில் ஃபிளெக்ஸ். எல்லாவற்றுக்கும் வாசகம் எழுத என்னிடம் வருவார்கள். நான் ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். யாருக்கு என்று கேட்பேன், ஆணா பெண்ணா என்று கேட்பேன், அதற்கு மேல் கேட்கத் தேவை இருக்காது. மற்றதெல்லாம் கையிருப்பில் இருந்தது. குலவிளக்கு அணைந்தது, காலன் கவர்ந்தான், மீளாத்துயில் கொண்டார். நான் எழுதிக் கொடுத்த இரங்கல் வாசகங்களில் ஒருத்தர்கூடச் சர்க்கரை வியாதியில் செத்ததில்லை, பஸ்ஸில் அடிபட்டுச் செத்ததில்லை, டாக்டர் நேரத்துக்கு வராமல் செத்ததில்லை. எல்லோரையும் விதிதான் கொண்டுபோனது.

அக்கா கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். ஆற்றுக்குள் இருக்கிற உறைகிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாகத் திறந்துவிடுகிற வேலை. அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆக மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை. அத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டீச்சர் என்பார். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

ஒருமுறை எங்கள் தலைமை ஆசிரியைக்கு நான் எழுதிய பிரிவுபசார மடலை அக்கா ஆசையாக வாங்கி அத்தானிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாக இரண்டு தடவை படித்தார்.

"டீச்சர், எல்லாம் சரி. இந்தம்மா எத்தன வருசம் வேல பாத்தாங்க, என்ன பாடம் எடுத்தாங்கன்னு எங்கன இருக்கு?"

"அதெல்லாம் எதுக்கு அத்தான்? வந்திருக்கவங்களுக்குத் தெரியும்லா."

அக்கா எனக்காகப் பாய்ந்துகொண்டு வந்தாள். "உங்க மோட்டார் நோட்டா இது? போட்டது அஞ்சு பத்து, நிறுத்துனது ஏழு நாப்பதுன்னு எழுதுததுக்கு? எனக்குந்தான் ஒன்னும் புரியல. ஆனா கேக்கதுக்கு எவ்வளவு நல்லாருக்கு!"

அத்தான் சிரித்துக்கொண்டு தாளைத் திருப்பித் தந்தார். எனக்கு அவர்மேல் சுள்ளென்று கோபம் வந்தது. மோட்டார் போடுகிற மனுஷனுக்கு நடையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் முகத்திலும் காட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசியில், எனக்குச் சிக்குன்குனியா வந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது. அக்கா பையில் நாலு சேலையை வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். பன்னிரண்டு நாள் என் வீட்டில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கைகால் பிடித்துவிட்டாள், என் வலிக்கு நான் அவளை வைததையெல்லாம் வாங்கிக்கொண்டாள். நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் திரும்பினாள்.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஊரில் ஒரு காரியம் நடந்திருந்தது. குடிநீர்க் குழாய் பதிக்கக் குத்தகை எடுத்த ஒருவர், பொக்லைனைக் கொண்டுவந்து படித்துறைக்குக் கீழே ஆற்றுக்குள் தோண்டினார். இரண்டு நாள் தோண்டிவிட்டு, ஏதோ காரணத்தால் வேலையை நிறுத்திவிட்டு, குழியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார். வேலி கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. அத்தான் பஞ்சாயத்தில் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்காததால் தானே இரண்டு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். அந்த வாரம் பிசான நெல் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஆறு இரண்டு அடி ஏறி, கம்பையும் துணியையும் அடித்துக்கொண்டு போனது. குழி இருந்த இடமும் மற்ற இடமும் மேலே பார்க்க ஒன்றுபோல ஆகிவிட்டது. ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் போகாமல் குளித்தார்கள். ஊரில் இல்லாத ஒரே ஆள் அக்கா.

அத்தான் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவரைக் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "பஸ்ஸ விட்டு எறங்குனதுலேர்ந்து உன் காய்ச்சலப் பத்தியே பேசிக்கிட்டு வந்தா. நீ ஒழுங்கா மாத்திர போடுவியோ என்னமோன்னு ஒரே பொலம்பல். அதக் கேட்டுக்கிட்டே இருந்ததுல மறந்துட்டேன் டீச்சர்" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்காவுக்குத் தலைமுழுக்கு நாள். விடிந்தும் விடியாமலும் அவர் மோட்டார் போடப் போய்விட்டார், அவள் ஆற்றுக்குப் போய்விட்டாள். கரையில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்தார்கள். படி இறங்கி, முப்பது வருடமாகப் போய் நிற்கிற அதே இடத்தை நோக்கி மூன்று எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் ஆளைக் காணோம். அவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் தினமும் முங்குவாள்.

ஆட்கள் இறங்கித் தேடி எடுத்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தது நேராக ஆஸ்பத்திரிக்கு. பிணவறைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இருந்த சிமெண்டுத் திண்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். வேட்டி இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு காவலர் வந்து, போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னால் எழுத்தில் புகார் மனு வேண்டும் என்றார். இறந்தவர் யார், எப்படி நடந்தது, யார்மேலாவது சந்தேகமோ புகாரோ இருக்கிறதா, எல்லாம் எழுதி, கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அத்தான் பேனாவை என் கையில் கொடுத்தார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"நா சொல்லுதேன், நீ எழுது டீச்சர். படித்தொறைக்குக் கீழ, மேக்க பாத்து மூணாவது எட்டுல குழி. பைப் போடுததுக்குத் தோண்டுனது. பதினோரு அடி ஆழம், நானே கம்பு விட்டுப் பாத்தேன். வேலய நிறுத்தி ஒம்பது நாளாச்சு. வேலி கெடையாது, போர்டு கெடையாது. பஞ்சாயத்துல சொன்னேன், செய்யல. தண்ணி வந்து மூடிட்டு. இவ பன்னெண்டு நாளா ஊர்ல இல்ல, உன் வீட்ல இருந்தா. வந்த மறுநா எறங்கிட்டா. தோண்டுனவங்க பேர்லதான் புகாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. என் அக்காவுக்கு அவ்வளவுதானா? பன்னிரண்டு நாளாகக் கஞ்சியை ஆற்றி ஆற்றி என் வாயில் ஊற்றியவளை, மோட்டார் நோட்டில் எழுதுகிற மாதிரி அடிக்கணக்கில் எழுதுவதா? ஆத்திரமாக வந்தது. அந்த மனுஷன் அழாமல் பதினோரு அடி என்று சொல்கிறாரே என்று ஆத்திரம். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'மூழ்கிச் செத்துப்போனாள்' என்று எழுத என்னால் முடியவில்லை. பேனாவை வைத்து 'மூ' என்று எழுதியதும் தண்ணீர் அவள் மூக்கில் ஏறுவது எனக்குத் தெரிந்தது. அடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த வேறு வழியில் போனேன்.

விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. இருந்தும் இரண்டரைப் பக்கம் எழுதினேன்.

'பொருநை அன்னையின் பொற்கரையில் பூத்துக் குலுங்கிய மலரொன்று, விதியெனும் சூறாவளியில் உதிர்ந்த சோகத்தை என்னென்று உரைப்பேன்! அன்பின் உறைவிடமாய், இல்லறத்தின் இனிய தீபமாய்த் திகழ்ந்த என் துணைவி, காலன் வெட்டி வைத்த படுகுழியில் கண நேரத்தில் மறைந்தாள். ஊட்டி வளர்த்த நதியே உயிரைப் பறித்த கொடுமையை யாரிடம் முறையிடுவேன்? யாரை நொந்து என்ன பயன்? விதியின் தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது?'

இப்படியே போனது. மேல்முறையீடு என்ற வரி விழுந்தபோது எனக்குள் ஒரு திருப்தி எழுந்தது. ஆமாம், பிணவறை வாசலில், அவள் உள்ளே கிடக்கும்போது, ஒரு வரி நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"டீச்சர், குழி எங்கன இருக்கு?"

"இருக்கு அத்தான். படுகுழின்னு எழுதியிருக்கேன்லா."

"இல்ல, பைப்புக்குத் தோண்டுனதுன்னு..."

"எல்லாம் உள்ள இருக்கு. கேஸ் நடக்கும்போது அதெல்லாம் அவங்களே விசாரிப்பாங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க. உள்ள அவளப் போட்டு வச்சிருக்காங்க, இங்கன உக்காந்து அடி கணக்குப் பேசிக்கிட்டு!"

கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் கையெழுத்துப் போட்டார். காவலர் அதை வாங்கி நின்றபடியே படித்தார். அவர் கண் கலங்கியது நிஜம். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினாறு நாள் கழிந்த பிறகு அத்தான் அலைய ஆரம்பித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழியால்தான் அவள் செத்தாள் என்று காகிதத்தில் வர வேண்டும், வந்தால் தோண்டியவர்கள் அதை மூடியாக வேண்டும். காவல் நிலையத்துக்குப் போனார், ஒன்றியத்துக்குப் போனார், குழாய் வேலையைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தார். போன இடத்திலெல்லாம் ஃபைலைப் புரட்டி என் இரண்டரைப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். "நீங்களே யார் மேலயும் குத்தம் இல்ல, விதின்னுதான எழுதிக் குடுத்திருக்கீங்க அண்ணாச்சி" என்றார்கள். மனுதாரர் யார்மீதும் புகார் கூறவில்லை, ஆற்றில் குளிக்கும்போது எதிர்பாராமல் நேர்ந்த மரணம், என்று விசாரணையை முடித்திருந்தார்கள்.

அதன் நகலை வாங்கிக்கொண்டு அத்தான் என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நகலை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு தடவ படிச்சுப் பாரு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். மாணவியின் தாளைத் திருத்துகிற மாதிரி படித்தேன். இடம் எது? பொற்கரை. நாள் எது? இல்லை. ஆழம்? இல்லை. வேலி இல்லாதது? இல்லை. பஞ்சாயத்தில் சொன்னது? இல்லை. அவள் பன்னிரண்டு நாள் ஊரில் இல்லாதது? என் வீட்டில் இருந்ததையே, எனக்கு ஊழியம் செய்ததையே, நான் எழுதவில்லை. குழியை வெட்டியது யார்? காலன். அத்தான் பேர் சொல்லத் தயாராக இருந்த ஒரு மனிதன் இருந்த இடத்தில் நான் எமனைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். எமன்மேல் எந்தக் காவல் நிலையத்தில் வழக்குப் போடுவார்கள்?

சரியாக எழுதி இன்னொரு மனு கொடுத்தோம். அத்தான் சொன்னதை அப்படியே எழுதினேன், ஒரு சொல் கூட்டவில்லை. நடந்த அன்றைக்கே கொடுத்த மனுவில் இதெல்லாம் இல்லை, எனவே இது பின்னால் யோசித்துச் சேர்த்தது என்று பதில் வந்தது. நியாயமான பதில். நானே அதிகாரியாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த வருடம் வகுப்பில் ஃப்ளோரிட் மறுபடி வந்தது. பள்ளி நூலகத்தில் இருக்கிற பெரிய அகராதியை எடுத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே இருந்ததையெல்லாம் படித்தேன். முகத்தைப் பற்றிச் சொன்னால், ரத்தம் ஏறிச் சிவந்த முகம். டாக்டர்கள் ஒரு நோயைப் பற்றிச் சொன்னால், முற்றி, ஒளிக்க முடியாதபடி வெளியே தெரிவது. எழுத்தைப் பற்றிச் சொன்னால்தான் நேர்மாறாக இருக்கிறது. அங்கே விஷயம் வெளியே தெரிவதில்லை. பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல வேண்டும். வழக்கமாக நானே ஜோடனையாக ஒரு வரி எடுத்துவிடுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு வாய் வரவில்லை. பொருளை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். வாழ்த்து மடல் எழுதுவதையும் விட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் விரல் வலி என்று சொன்னேன்.

அத்தான் குழியை விடவில்லை. தண்ணீர் குறையும்போதெல்லாம் கம்பு விட்டு ஆழம் பார்ப்பார். மணல் கொஞ்சம் சரிந்து எட்டு அடிக்கு வந்திருந்தது. எட்டு அடி யாருக்கும் போதும். புதிதாகக் கம்பு நடுவார், சிவப்புத் துணி கட்டுவார், ஆறு இழுத்துக்கொண்டு போகும், மறுபடி நடுவார். வெளியூர் ஆட்களைப் படித்துறையில் பார்த்தால் தொட்டிமேலிருந்து சத்தம் போடுவார். ஊரில் அவரைக் கொஞ்சம் ஒரு மாதிரி என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஆவணியில் ஊரில் ஒரு கல்யாணம். ஆழ்வார்திருநகரியிலிருந்து பெண் வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். காலையில் ஆற்றில் குளிக்கலாம் என்று நாலைந்து பெண்கள் இறங்கினார்கள். முந்தின நாள்தான் தண்ணீர் ஏறித் துணியைக் கொண்டுபோயிருந்தது. முப்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, மூன்றாவது எட்டில் போய்விட்டாள். அத்தான் தொட்டியிலிருந்து ஓடி வந்து அந்த இடத்திலேயே குதித்து எடுத்தார், தேட வேண்டியிருக்கவில்லை. உயிர் இல்லை.

அன்று சனிக்கிழமை. மாதம் இரண்டு சனிக்கிழமை நான் அத்தானுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவது வழக்கம், அதற்காக வந்திருந்தேன். பத்து மணி வாக்கில் அந்தப் பெண்ணின் தம்பி வாசலில் வந்து நின்றான். இருபத்தெட்டு வயது இருக்கும். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியில் முழங்கால்வரை சேறு. கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"இங்கன ஒரு டீச்சர் இருக்காங்களாமே? மனு எழுதணும்னு போலீஸ்ல சொல்லுதாங்க. அவங்ககிட்டப் போங்க, அவங்க எழுதுனா படிக்கவங்க கண்ணுல தண்ணி வந்துரும்னு வெளிய சொன்னாங்க."

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை, தாளை வாங்கக் கையும் நீட்டிவிட்டேன். அத்தான் உள்ளேயிருந்து ஈரத் தலையோடு வந்தார்.

"நீ இரி டீச்சர். நா எழுதுதேன்."

தாளை அவர் வாங்கிக்கொண்டார். காலண்டர் அட்டையைத் தாளுக்கு அடியில் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். ஆறு வரி. பெண்ணின் பெயர், வயது. எந்த இடம், படியிலிருந்து எத்தனை எட்டு. குழி யார் தோண்டியது, எத்தனை அடி. எத்தனை மாதமாகத் திறந்து கிடக்கிறது. வேலி இல்லை. தோண்டியவர்மேல் புகார். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துக் காட்டினார். அந்த ஆறு வரிக்கு எட்டு நாளில் பலன் வந்தது. குத்தகைக்காரர்மேல் வழக்குப் பதிவானது, மூன்று லாரி சரளை வந்து குழி மூடப்பட்டது. அத்தான் பக்கத்தில் நின்று கடைசிக் கூடைவரை பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

ஆனால் அன்றைக்கு அந்தத் தம்பி தாளை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை. மறுபடி ஒருமுறை தானே படித்தான். எத்தனை மாதம் என்ற வரியில் நின்றான்.

"இவ்வளவு நாளாவா தெறந்து கெடக்கு? இதுக்கு முன்ன யாரும் இங்கன உழலயா?"

"உழுந்தா" என்றார் அத்தான். "எம் பொண்டாட்டி."

அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான். பிறகு கேட்டான், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அப்போ நீங்க எழுதிக் குடுக்கலயா அண்ணாச்சி? அன்னைக்கே இத மாதிரி எழுதிக் குடுத்திருந்தா மூடியிருப்பாங்களே. எங்கக்கா இருந்திருப்பாளே."

அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"எழுதிக் குடுத்தோம் தம்பி. நாந்தான் சரியாச் சொல்லல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, தாளை நனையாமல் மடித்துப் பிடித்தபடி தெருவில் இறங்கி நடந்தான். தெருமுனை திரும்பும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது. அவர் சரியாகத்தான் சொன்னார், எழுதியது நான், என்று சொல்ல எனக்கு அலங்காரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை.